செப்பு நாணயங்களின் தரமும் பாதுகாப்பும்

பழைய செப்பு நாணயத்தின் தரம் என்பது அதன் தேய்மானம், மேற்பரப்பு, நிறம் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடப்படும் நிலை ஆகும். 1793 முதல் 1814 வரை வெளியான அமெரிக்கப் பெரிய சென்ட் நாணயங்களுக்காக, வில்லியம் செல்டன் என்பவர் 1949 இல் 1 முதல் 70 வரையான அளவுகோலை வெளியிட்டார். அடையாளம் மட்டுமே தெரியும் நாணயம் 1, குறையற்றது 70. இவ்வளவுகோல் பின்னர் பிற நாணயங்களுக்கும் பரவியது.

மேற்படலம்

காற்றுபட்ட செம்பில் ஆக்சைடுப் படலம் உருவாகிறது. உறுதியான படலம் உலோகத்தைக் காக்கும். வீட்டுப் பாத்திரம் போலப் புளியிட்டுத் தேய்த்தால் அப்படலம் கரையும். நுண்ணிய எழுத்துகளும் மழுங்கும். இழந்த தரத்தை மீட்க இயலாது.

வெண்கல நோய்

மண்ணில் புதைந்திருந்த நாணயங்களில் உப்பிலுள்ள குளோரைடு செம்புடன் சேர்ந்து தங்கியிருக்கலாம். ஈரமும் ஆக்சிசனும் பட்டால் அது வெளிர்பச்சைத் தூளாகி, அமிலத்தை வெளியிடும்; அவ்வமிலம் மேலும் செம்பை அரிக்கும். தூய செம்பிலும் ஏற்படும் இவ்வரிப்பு வெண்கல நோய் எனப்படுகிறது. கெட்டியான பச்சைப் படலம் பெரும்பாலும் நோயன்று. உதிரும் தூளே முதன்மை அறிகுறி.

பாதுகாப்பு

* நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும்.
* சிலிக்கா கூழ்மத்துடன் ஈரமற்ற பெட்டியில் வைக்க வேண்டும்.
* பிவிசி உறைகள் காலப்போக்கில் செம்பை அரிப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.