கொடி பிடிக்க ஆள் வேண்டும்

மழைக்காலத்தில் சைக்கிள் ஓய்வெடுக்கலாம். பந்தயம் நடத்துகிறவர்களுக்கு அப்போதுதான் வேலை

ரெட்டியார்பாளையத்தில் சைக்கிள் ஏறி, விழுப்புரம் சாலையில் மேற்கே மிதியுங்கள். மூலக்குளம், வில்லியனூர், அரியூர் எல்லாம் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி. வளவனூர் திரும்பவும் தமிழ்நாடு. விழுப்புரம் போய்ச் சேரும் 40 கிலோமீட்டருக்குள் மூன்று தடவை எல்லை மாறிவிடுகிறது. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இதே கதைதான்: கோட்டக்குப்பம் தமிழ்நாடு, காலாப்பட்டு புதுச்சேரி, மரக்காணம் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஊர் ஊராகப் பங்கு போட்டுக்கொண்டதன் மிச்சம் இது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். ஆட்சி மாறியது; எல்லைக்கோடுகள் அப்படியே இருக்கின்றன.

தனியாக ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. பந்தயம் நடத்த நினைக்கிறவருக்குத்தான் தலைவலி. ஒரே சாலைக்கு இரண்டு அரசுகளின் காவல்துறைக்கும் கடிதம் எழுத வேண்டும். ஒரு பக்கம் 'சரி' என்றால் போதாது. மறுபக்கமும் அதே தேதிக்கு, அதே நேரத்துக்குச் சம்மதிக்க வேண்டும்.

காற்றை வாங்குகிறவர்

விடியற்காலையில் கூட்டமாகப் போகும் சைக்கிள்காரர்களைக் கொஞ்சம் உற்றுக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். முன்னால் போகிறவர் எதிர்காற்றை முழுக்க வாங்குகிறார். அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்குக் கால்பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம். சில நிமிடம் கழித்து முன்னவர் ஒதுங்கிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் முன்னே வருவார். பள்ளம் வந்தால் முன்னவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார். அந்தச் சைகை ஆள் ஆளாகப் பின்னால் போகும். இடையில் ஒருவர் காட்ட மறந்தாலும் ஆபத்துதான். பின்னால் வருகிறவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தில் பக்கவாட்டில் உரசினால், விழுவது பெரும்பாலும் பின்னவர்தான். அவர் மேல் அடுத்தவர், அவர் மேல் அதற்கடுத்தவர்.

இந்தக் கட்டுப்பாடு பந்தய நாளில் வந்துவிடாது. ஞாயிறு ஞாயிறாகச் சேர்ந்து ஓட்டிப் பழகினால்தான் வரும். வேகம் குறைந்த மழைக்கால ஓட்டங்களை இதற்கே ஒதுக்கிவிடலாம்.

பாரிஸ் நாட்காட்டி, நம்மூர் மழை

புதுச்சேரி வழியே போகும் நெடுந்தூர ஓட்டங்களில் அதிகம் பேசப்படுவது, நேரக்கெடுவுக்குள் முடிக்க வேண்டிய பிஆர்எம். விதிகளை வகுப்பது பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். 1904இல் தொடங்கிய சங்கம். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லாரும் தேறியவர். இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் 'சூப்பர் ராண்டனர்'. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்கும் இவைதான் தகுதித் தேர்வு. 1891இல் பத்திரிகைக்காரர்கள் பந்தயமாகத் தொடங்கிய அந்த ஓட்டத்துக்கு இன்று இந்தியாவிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பிஆர்எம் பருவம் தொடங்குவது நவம்பர் 1. பாரிஸுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். நமக்கோ வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்படியொரு மழைக்குப் பிறகு, அக்டோபரில் பார்த்து வைத்த பாதையை நம்பி ஜனவரியில் யாரையும் அனுப்ப முடியாது. மொத்தத் தூரத்தையும் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

நடத்துகிறவர்கள் பாதையில் பார்ப்பது பள்ளத்தை மட்டுமல்ல. எந்தத் திருப்பத்தில் ஆள் வழி தவறுவார், எந்த ஊரில் இரவு இரண்டு மணிக்கும் டீக்கடை திறந்திருக்கும், எங்கே பாலம் வேலை நடக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஓட்டுகிறவர் வந்துபோனதை உறுதிசெய்யும் கட்டுப்பாட்டு இடங்களில், ஆள் வைக்க முடியாதபோது ஏடிஎம் சீட்டே சாட்சி. இருநூறோ முந்நூறோ எடுத்தால் வரும் காகிதத்தில் இடமும் நேரமும் இருக்கும். அதை மடித்து, நேரம் குறிக்கும் அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். பணம் தீர்ந்துபோன ஏடிஎம் என்றால், பக்கத்துப் பெட்ரோல் பங்க் ரசீது. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அட்டையையும் நேரம் நேரமாகச் சரிபார்த்து, முடிவுகளைப் பாரிஸுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பதிவு எண் வந்தால்தான் அந்த ஓட்டம் கணக்கில் சேரும்.

பந்தயம் என்றால் இதைவிடப் பளு. யார் எந்தப் பிரிவில் ஓட்டுவது, நேரம் பதிவது, ஆம்புலன்ஸ், காப்பீடு, ஒவ்வொரு சந்தியிலும் கொடியோடு ஓர் ஆள். நடுவில் ஒரு சந்தியில் ஆள் இல்லையென்றால், குறுக்கே வரும் டிராக்டருக்குப் பந்தயம் நடப்பதே தெரியாது.

பெங்களூரு இந்தப் பளுவைத் தூக்கிக் காட்டியது. பெங்களூரு பைசைக்கிள் சாம்பியன்ஷிப்ஸ் என்ற பெயரில் அங்கே அமெச்சூர்களே தங்களுக்குள் தொடர்ந்து பந்தயம் வைத்தார்கள். நந்தி மலையேற்றம் அதில் பெயர் பெற்றது. அந்த நகரத்துப் பந்தயச் சூழலில் வளர்ந்த பொறியாளர் நவீன் ஜான், 2014இல் தேசிய டைம் ட்ரையல் சாம்பியன் ஆனார். எப்போதாவது வரும் ஒரு பெரிய விழாவைவிட, அடுத்த பந்தயம் எப்போது என்று முன்கூட்டியே தெரிவதுதான் ஓட்டுகிறவரை வளர்க்கிறது.

புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் விலையுயர்ந்த சைக்கிள்களுக்குப் பஞ்சமில்லை. சமதளம், கடலோரக் காற்று, ஊசுட்டேரிக் கரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். தட்டுப்பாடு ஓட்டாமல் நிற்க முன்வருகிறவர்களுக்குத்தான். பிரிட்டனின் பல சைக்கிள் சங்கங்களில், ஓட்டுகிற உறுப்பினர் வருடத்தில் ஓரிரு நாளாவது மற்றவர்களுக்காகச் சந்தியில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தை இங்கேயும் நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து எழுதிவிடலாம்: ஒரு பந்தயம் ஓட்டினால், ஒரு பந்தயத்துக்குக் கொடி. கொடி பிடிக்கிறவர்களின் பெயர்ப் பட்டியலை மழை விடுவதற்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும். காவல்நிலையங்களுக்குக் கொடுக்கும் கடிதத்தோடு அந்தப் பட்டியலையும் இணைத்தால், அனுமதி கேட்கிற குரலுக்கும் கொஞ்சம் பலம் கூடும்.