நகர பிதா நாட்டுத் தலைவராவாரா?

கட்சிச் சண்டைகளைக் கண்டு சலிப்புற்ற மக்கள், "கட்சி எதனையும் சாராத நல்ல நிருவாகி ஒருவர் வந்தால் நாடு உருப்படாதா?" என்று ஏங்குவது எங்கும் உள்ளதே. அமெரிக்காவில் அவ்வேக்கம் பல ஆண்டுகளாக ஒரே மனிதரைச் சுற்றி வந்தது. அவர்தாம் நியூயோர்க் மாநகரின் முன்னாள் நகர பிதா மைக்கல் புளூம்பேர்க்.

நெடுங்காலம் ஜனநாயகக் கட்சியினராக இருந்த அவர், 2001இல் குடியரசுக் கட்சியிற் புகுந்து நகர பிதாவானார். 2007இல் அக்கட்சியையும் நீங்கிச் சுயேச்சையாளரானார். உடனே, "அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிற் குதிப்பார்" என்ற பேச்சு எழுந்தது. தம் முயற்சியாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். பிறரிடம் நன்கொடைக்குக் கையேந்த வேண்டாதவர். ஆகவே எவருக்கும் கடமைப்படாதவர் என்று அன்பர்கள் வாதித்தனர்.

கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயினும் நாம் அதனை ஏற்கத் தயங்குகிறோம். கட்சியை வெறுத்தவர் என்று போற்றப்பட்ட இவரே, நகர பிதா பதவிக்கு மூன்று முறையும் குடியரசுக் கட்சியின் அபேட்சகராகவே நின்றார். அக்கட்சியை விட்டு நீங்கிய பின் வந்த 2009ஆம் ஆண்டுத் தேர்தலிலுங்கூட அவ்வாறே நின்றார். ஒரு நகரத்தை வெல்வதற்கே கட்சியின் ஏணி வேண்டியிருந்ததெனில், ஐம்பது மாநிலங்களை ஏணியின்றி ஏறுவது எங்ஙனம்?

மாணவர்கள் இங்கு அமெரிக்கத் தேர்தல் முறையைச் சற்றே நினைவுகூர்தல் நலம். ஜனாதிபதியைத் தெரிவு செய்வோர் 538 தேர்வாளர்கள். வெற்றிக்கு 270 பேரின் ஆதரவு வேண்டும். 48 மாநிலங்களில், அதிக வாக்குப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் உரியர். இரண்டாமவருக்கு ஒருவரும் இல்லை. 1992இல் ரொஸ் பெரோ என்னும் செல்வர் சுயேச்சையாக நின்று நூற்றுக்கு ஏறத்தாழ 19 வாக்குகளைப் பெற்றார். ஆனால் அவருக்குக் கிடைத்த தேர்வாளர் ஒருவருமில்லை.

மூவர் போட்டியிட்டு எவரும் 270ஐ எட்டாவிடில் என்னாகும்? பிரதிநிதிகள் சபையே ஜனாதிபதியைத் தெரிவு செய்யும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு மட்டுமே. மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் ஒன்று. ஆறு இலட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் வயோமிங்குக்கும் ஒன்று. இரு பெருங் கட்சியினரே நிறைந்த அச்சபை, கட்சியற்ற ஒருவரை முடிசூட்டும் என எதிர்பார்க்கலாமா? 1824ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் தொகையிலும் முன்னின்றவர் அண்ட்ரூ ஜாக்சன். எனினும் அச்சபை தெரிவு செய்தது ஜோன் குவின்சி அடம்ஸையே.

இன்னுமோர் ஆபத்துண்டு. வெல்ல இயலாத மூன்றாமவர், தமக்கு நெருங்கிய கொள்கையுடையவரையே வீழ்த்திவிடக்கூடும். 1912இல் முன்னாள் ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ட் புதுக் கட்சி கண்டு போட்டியிட்டார். குடியரசுக் கட்சியின் வாக்குகள் பிளவுற, வென்றவர் ஜனநாயகக் கட்சியின் வில்சன்.

புளூம்பேர்க் கணக்கறியாதவர் அல்லர். 2008இலும் அவர் பின்வாங்கினார். 2016 மார்ச்சிலும் பின்வாங்கினார். மும்முனைப் போட்டியில் முடிவு பிரதிநிதிகள் சபைக்குச் சென்று, தாம் விரும்பாதவரே ஜனாதிபதியாக நேரிடும் என்பதே இரண்டாம் முறை அவர் கூறிய காரணம். பின்னர் 2019 நவம்பரில், மீண்டும் ஜனநாயகக் கட்சியினராக, அக்கட்சியின் அபேட்சகர் தெரிவுக்குப் போட்டியிட்டார். ஏறத்தாழ நூறு கோடி டொலரைச் செலவிட்டும் அவர் முதலிடம் பெற்றது அமெரிக்க சமோவா என்னும் தீவுப் பகுதியில் மட்டுமே. 2020 மார்ச் 4ஆந் திகதி போட்டியினின்றும் விலகினார். சுயேச்சையாக நின்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை இது காட்டாது. பணம் மட்டும் வாக்காகாது என்பதையோ ஐயமறக் காட்டிற்று.

வென்றாலுங்கூட ஆளுதல் எளிதன்று. காங்கிரஸில் 435 பிரதிநிதிகளும் 100 செனட்டர்களும் உளர். கட்சியற்ற ஜனாதிபதியின் சட்டங்களை ஆதரிக்கும் உறுப்பினர், அடுத்த தேர்தலில் தம் கட்சிக்காரரின் சினத்துக்கு ஆளாக வேண்டும். அத்துணிவு எத்தனை பேருக்கு உண்டு?

இவ்வளவும் கூறியதால், இரு பெருங் கட்சிகளும் குறையற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. மக்களின் சலிப்பு நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து தனியொரு செல்வரின் துணிவில் இல்லை. வாக்கு எண்ணும் முறையில் இருக்கிறது. 2020இல் மேய்ன் மாநிலம், வாக்காளர் தம் விருப்பை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தும் முறையை ஜனாதிபதித் தேர்தலிற் கையாண்டது. மூன்றாமவருக்கு வாக்களித்தால் அது வீணாகுமோ என்னும் அச்சம் அம்முறையிற் பெரிதும் குறைகிறது. இத்தகைய திருத்தம் மெல்லவே பரவும். பத்திரிகைத் தலைப்பாகும் கவர்ச்சியும் அதற்கில்லை. எனினும் அடுத்த முறை, கட்சிகளை வெல்ல ஒருவர் வருகிறார் என்ற செய்தியைப் படிக்கும்போது, அவர் யார் என்று கேட்பதோடு நில்லாமல், வாக்குகள் எவ்வாறு எண்ணப்படும் என்றும் நம் இளைஞர்கள் கேட்பார்களாக.