மந்தை இல்லாத மேய்ப்பன்

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், நாய் வளர்ப்பவர்கள் பலர் கவனித்திராத ஒரு வரி இருக்கிறது. 11-ஆவது பிரிவின் 'ஜி' உட்பிரிவு அது. எந்நேரமும் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைத் தேவையான அளவுக்கு நடக்கவும் ஓடவும் விடாமல் இருந்தால், அதன் உரிமையாளர் குற்றவாளி. அடிப்பதையும் பட்டினி போடுவதையும் எழுதிய அதே பட்டியலில், ஒரு நாயை ஓடவிடாமல் வைத்திருப்பதையும் வதை என்றே நாடாளுமன்றம் எழுதிவைத்தது. முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தொகை அற்பமானதுதான். ஆனால், எல்லா நாய்க்கும் பொதுவான அந்த வரி சிலவகை நாய்களுக்கு உயிர்நாடி.

தாம்பரத்தைத் தாண்டி எழும்பும் அடுக்குமாடிகளிலும், கோவை சரவணம்பட்டிப் பக்கத்துப் புது மனைப்பிரிவுகளிலும் குடியேறும் குடும்பங்கள் நாய்க்குட்டி தேடும்போது கண்ணில் படும் பெயர்கள் மாறிவருகின்றன. லேப்ரடார், பக் என்று இருந்த இடத்தில் இப்போது பார்டர் கோலி, பெல்ஜியன் மாலினாய், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு. 'அல்சேஷன்' என்று தாத்தா காலத்திலிருந்தே நாம் அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இவை அத்தனையும் ஆடு மாடு மேய்ப்பதற்காக உருவாக்கப்பட்ட இனங்கள். அழகு, அறிவு, விசுவாசம் மூன்றும் உண்டு என்று விற்பவர் சொல்வார். பொய்யில்லை. வேலை இல்லாவிட்டால் இந்த நாய் என்ன ஆகும் என்பதைத்தான் அவர் சொல்லமாட்டார்.

பார்டர் கோலியை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லைப்புற மலைச்சரிவுகள்தான் அதன் ஊர். 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாயையே இந்த இனத்தின் மூல புருஷனாகச் சொல்கிறார்கள். அது குரைத்து மிரட்டாது; தலையைத் தாழ்த்திப் பதுங்கி, வைத்த கண் வாங்காமல் பார்த்தே ஆடுகளை நகர்த்தும். அந்தப் பார்வைக்கு அங்குள்ள மேய்ப்பர்கள் 'கண்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஓநாயின் வேட்டையில் குறிவைப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று படிகள் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கிய மேய்ப்பர்கள் முதல் மூன்றையும் கூர்தீட்டினார்கள். கடைசி இரண்டையும் மழுங்கடித்தார்கள். முழுக்க அழிக்கவில்லை. முரட்டு மாடுகளை ஓட்டவேண்டிய ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் போன்றவற்றில் கணுக்காலைக் கவ்வும் படியை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள்.

நம் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கிடை போடும் கீதாரிகளோடும் நாய் நடக்கிறது. அதன் வேலை காவல். ராத்திரியில் கிடையோரம் படுத்திருந்து, நரியோ திருடனோ வந்தால் குரைக்கும். ஆட்டை மடக்குவதும் திருப்புவதும் கீதாரியின் கம்பும் குரலும்தான். பார்டர் கோலியோ அந்தக் கம்பின் வேலையையே செய்வதற்காகப் பிறந்தது. 'எங்கள் வீட்டில் எப்போதும் நாய் இருந்திருக்கிறது, எங்களுக்குப் பழக்கம்தான்' என்று நம்பி வாங்குகிற குடும்பம் தடுமாறுவது இந்த வித்தியாசத்தில்தான்.

அடுக்குமாடியின் கீழே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த நாய்க்கு அது சிதறி ஓடும் மந்தை. சுற்றி வளைக்கும், குறுக்கே பாயும், சுவரோரம் ஒதுக்கப் பார்க்கும், விலகி ஓடும் குழந்தையின் குதிகாலில் பல்லை வைக்கும். சைக்கிள், ஸ்கூட்டர், உணவு கொண்டுவரும் இளைஞரின் பைக் எல்லாமே அதற்கு மடக்கவேண்டிய ஆடுகள்தான். நாய்க்குக் கோபமில்லை, அது தன் வேலையைச் செய்கிறது. பெற்றோர் 'விளையாடுது' என்று சிரித்து விட்டுவிடக் கூடாது. நாய்க்குட்டியின் பல்லாக இருந்தாலும், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகவேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. வெறிநோய் வந்தபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

வேலை கிடைக்காத மூளை தானாக ஒரு வேலையைக் கண்டுபிடிக்கும். சுவரில் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் மணிக்கணக்கில் துரத்துவது பார்டர் கோலிகளிடம் அடிக்கடி காணப்படும் கோளாறு. ஜெர்மன் ஷெப்பர்டு தன் வாலையே துரத்திச் சுழலும். சோபாவைக் கிழிப்பது, கதவைப் பிறாண்டுவது, ஆளில்லாத வீட்டில் நாளெல்லாம் குரைப்பது எல்லாம் 'சேட்டை' என்று பெயர் வாங்குகின்றன. உண்மையில் அவை வேலையிழந்த ஓர் உயிரின் தவிப்பு. லேசர் விளக்கை ஆட்டி விளையாட்டுக் காட்டுகிறவர்கள் இந்தக் கோளாறைத் தாங்களே வரவழைக்கிறார்கள்.

அறிவாளி நாய் வேண்டும் என்பவர்கள் சேசரின் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி வளர்த்த பார்டர் கோலி அது. 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்துவரும். 2011-இல் ஆய்விதழில் அந்தத் தகவல் வெளியானதும் உலகமே வியந்தது. அந்த வியப்பில் எல்லோரும் தாண்டிப்போன விவரம் ஒன்று உண்டு. பேராசிரியர் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் வீதம் மூன்று ஆண்டுகள் அதற்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் ஓய்வுபெற்றவர், அவரால் முடிந்தது. காலை எட்டு மணிக்கு ஐடி காரிடாரை நோக்கிக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் கணவன் மனைவிக்கு அது முடியுமா?

'எங்களுக்குத் தனி வீடு, அரை கிரவுண்டு தோட்டம் இருக்கிறது' என்பது பதிலாகாது. தோட்டத்தில் தனியாக விடப்பட்ட மேய்ப்பு நாய் காம்பவுண்டு ஓரமாக ஓடி ஓடித் தடம்தான் போடும். ஆளோடு சேர்ந்து வேலை செய்வதே அதன் இயல்பு. ஆகவே கேள்வி சதுர அடியைப் பற்றியது அல்ல, மணிநேரத்தைப் பற்றியது. மூன்றாம் மாடியில் வசித்தாலும் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய், இடையில் மூளைக்கும் வேலை கொடுக்கிற ஒருவரிடம் இந்த நாய் நன்றாகவே வாழும். பங்களாவில் சங்கிலியில் கிடந்தால் வாழாது.

அந்த ஒரு மணி நேரமும் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கிற நேரமில்லை. குளிர் மலையில் உருவான உடம்பு, அக்னி நட்சத்திரத்தில் சென்னைத் தார்ச்சாலை. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பார்க்கவேண்டும். நம் கை தாங்காத சூட்டில் அதன் பாதமும் தாங்காது. நடை விடிவதற்கு முன், அல்லது இருட்டிய பின். பந்தைக் காட்டினால் இந்த நாய் களைப்பை மறந்து ஓடும், விழும்வரை ஓடும். நிறுத்தவேண்டியது வளர்ப்பவர். நாக்கைத் தொங்கப்போட்டு இடைவிடாமல் இரைப்பது, ஈறு செக்கச்சிவப்பாவது, வாந்தி, தள்ளாட்டம் இவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மருந்து விஷயத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உண்ணிக்கும் சொறிக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடும் ஐவர்மெக்டின், கோலி குடும்பத்து நாய்கள் சிலவற்றுக்கு விஷமாகிவிடும். மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் 'எம்.டி.ஆர்.1' என்ற மரபணுவில் உள்ள குறையே காரணம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2001-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். நீண்ட முடிக் கோலியிலும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலும் இந்தக் குறை மிக அதிகம். ஜெர்மன் ஷெப்பர்டிலும் பார்டர் கோலியிலும் குறைவு, ஆனால் உண்டு. வயிற்றுப்போக்குக்கு மனிதர் விழுங்கும் லோபரமைடு மாத்திரையும் இதே ஆபத்தை உண்டாக்கும். அக்கம்பக்கத்தார் சொன்ன அளவில் ஊசி போடுவதோ மாத்திரை கொடுப்பதோ கூடவே கூடாது.

வாங்கும்போதே சட்டம் துணைக்கு வருகிறது. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, குட்டி விற்கும் பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாய் நாயை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஈனவைக்கக் கூடாது. தடுப்பூசி, குடற்புழு மருந்து விவரங்களோடு ரசீதும் தரவேண்டும். இங்கே பலர் குழம்பிப்போகிறார்கள். 'கே.சி.ஐ. பேப்பர் இருக்கு சார்' என்று காட்டப்படுவது கென்னல் கிளப் தரும் வம்சாவளிச் சான்று மட்டுமே. அது வாரியத்தின் பதிவுக்கு ஈடாகாது. இரண்டையும் கேட்கவேண்டும். தாய் நாயைப் பார்க்கவேண்டும், அது எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பஸ் ஸ்டாண்டு வாசலில் அட்டைப்பெட்டியில் குட்டியைக் கைமாற்றுகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பார்வோ வைரஸ் நோய் கண்டு குட்டி செத்துப்போனால் என்ன செய்வது? ரசீது, பணம் அனுப்பிய ஆதாரம், விற்றவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், கால்நடை மருத்துவர் எழுத்தில் கொடுத்த அறிக்கை நான்கையும் பத்திரப்படுத்த வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடவேண்டும்.

அசோசியேஷனோடு வரும் தகராறில் இரு பக்கமும் தெரிந்துகொள்ளவேண்டியது உண்டு. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது. இனத்தையோ உருவத்தையோ காட்டியும் தடுக்க முடியாது. லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாயை அவிழ்த்துவிடலாம் என்று பொருளில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி, தன் பொறுப்பிலுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெல்ட் போடுவதும் கழிவை அள்ளுவதும் உள்ளாட்சி உரிமம் எடுப்பதும் பக்கத்து வீட்டார் மீதுள்ள மரியாதையும்கூட. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே நாயைப் பற்றி எழுதி வாங்கிவிடுவது நல்லது.

ஏற்கெனவே வாங்கிவிட்டு விழிபிதுங்கி நிற்கும் குடும்பங்கள்தான் இப்போது அதிகம் கவலைக்குரியவை. அவர்கள் முதலில் போகவேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. வலியாலும் நாய் கடிக்கும். சென்னையில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நோய் இல்லையென்று தெரிந்தபின் பழக்கத்தை மாற்றலாம். வெறுமனே ஓடவைப்பது மட்டும் தீர்வாகாது. தினம் பத்துக் கிலோமீட்டர் ஓடும் நாய்க்கு நாளடைவில் பதினைந்து தேவைப்படும். தட்டில் கொட்டும் சாப்பாட்டைத் துணிச் சுருளிலும் டப்பாக்களிலும் ஒளித்துவைத்து மோப்பம் பிடித்துத் தேடவைக்கலாம். பொருள்களின் பெயர் சொல்லி எடுத்துவரப் பழக்கலாம். பாயில் சும்மா படுத்திருப்பதையும் ஒரு வேலையாகச் சொல்லிக்கொடுத்து, படுத்திருக்கும்போது தீனி தரலாம். பத்து நிமிடம் இப்படி மூளையைக் கசக்கிய நாய் நிம்மதியாகத் தூங்குவதைக் காணலாம். சின்னக் குழந்தையையும் நாயையும் பெரியவர் கண் இல்லாமல் ஒரே அறையில் விடக் கூடாது. அடித்து, கழுத்தை நெரிக்கும் செயின் போட்டுப் பழக்குகிற பயிற்சியாளரைத் தவிர்க்கவேண்டும். அந்தப் பயம் ஒருநாள் கடியாகத் திரும்பும்.

அப்படியும் முடியவில்லை என்றால், தகுந்த இடம் தேடிக் கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. ஓட்டப்பயிற்சி செய்பவர், நாய்ப் போட்டிகளில் ஈடுபாடுள்ளவர், ஆள் எப்போதும் இருக்கும் பண்ணை வீடு என்று விசாரிக்கலாம். விற்ற பிரீடரையும் கேட்கலாம். ராத்திரியில் காரில் ஏற்றிப்போய் வண்டலூரைத் தாண்டி இறக்கிவிடுவது குற்றம். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் அதே 11-ஆவது பிரிவில் அதற்கும் தனி உட்பிரிவு இருக்கிறது. வீட்டில் வளர்ந்த நாய் தெருநாய்க் கூட்டத்தின் நடுவே பிழைப்பது மிகக் கடினம்.

'அப்படியானால் நாட்டு இனம் வாங்கலாமே' என்பவர்கள் கவனிக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்திய வேட்டை நாய்கள். அவற்றுக்கும் ஓட இடம் வேண்டும். குணம் தெரிந்த, வயது வந்த தெருநாயைத் தத்தெடுப்பது பெரும்பாலான புறநகர்க் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தம்.

மேய்ப்பு நாய்தான் வேண்டும் என்று இன்னும் மனம் சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள். நாய் இல்லாமலே, தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடங்கள். மாலையில் இன்னொரு மணி நேரம். மழையானாலும், ஆபீஸில் எந்த வேலை வந்தாலும், பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் நடங்கள். நடந்த நாளெல்லாம் சமையலறைக் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். முப்பதாவது நாள் குடும்பமாக உட்கார்ந்து அதைப் பாருங்கள். கோடில்லாத கட்டங்கள் ஐந்தாறு இருந்தால், அந்தக் குட்டியை வாங்காதீர்கள்.