அறுவடை எந்திரமும் நம் கூலியும்

தோழர்களே, உலகமயம் என்றதும் சென்னை, பெங்களூருவின் கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். தை, மாசியில் ஐயா இளையபெருமாளின் காட்டுமன்னார்கோயில் பக்கம் போய்ப் பாருங்கள், அது சம்பா வயலுக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. ஜெர்மனியின் கிளாஸ், ஜப்பானின் குபோட்டா எனப் பெயர் பொறித்த அறுவடை எந்திரங்கள் மணிக்கணக்கு வாடகையில் ஓடுகின்றன. சேற்று வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. பல வண்டிகள் தரகர் மூலம் வெளிமாவட்டங்களிலிருந்து வருபவை.

கையறுப்புக் காலத்தில் இந்த ஒரு வேலை எத்தனை கைகளில் பிரிந்திருந்தது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். அறுக்க, கட்ட, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோக, அடிக்க, தூற்ற, போர் போட என ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். பெரும்பகுதி பெண்கள், பெரும்பகுதி சேரி. கூலி நெல்லாக வீட்டுக்கு வந்தது. அறுத்த வயலில் கதிர் பொறுக்கிய கிழவிக்கும் ஒரு பங்கு இருந்தது. அது பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் கண்ட பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகள் நாம். குனிந்து அறுத்ததை ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒருநாளும் குனியாதவர்கள்.

ஆனால் முற்றிய கதிர் காத்திருக்காது. நாலு நாள் தாமதித்தால் மணி கொட்டும், மழை பெய்தால் முளைத்துவிடும். நிலமில்லாதவரின் பேரம் அந்த நாலு நாளில்தான் இருந்தது. கொள்ளிடத்துக்கு அந்தப்புறம், கீழத்தஞ்சையில், 1968இல் கூடுதல் நெல் கேட்டதும், அதற்குப் பதிலாக நிலக்கிழார்கள் வெளியூர் ஆட்களை இறக்கியதும், டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் இந்தப் பேரத்தின் வரலாறுதான். மறு ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்று வெளியூர் ஆட்களின் இடத்தில் எந்திரம் நிற்கிறது. அதனிடம் போய்ச் சங்கத்தில் சேரச் சொல்ல முடியுமா?

ஆள் கிடைக்காததால்தான் எந்திரம் வந்தது என்கிறார்கள் நிலம் வைத்திருப்பவர்கள். அதில் உண்மை உண்டு. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே கடலூர் மாவட்டம் இருந்தது. குறைந்த கூலியை மறுக்கும் துணிவு கொஞ்சம் வந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனார்கள். போன இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் குறைவு, அதுவும் கூலியில் சேர்த்திதான். ஆனால் அங்கும் போட்டி விடவில்லை. உலக ஆடை வர்த்தகத்தில் கோட்டா முறை 2005 தொடக்கத்தில் முடிந்தது. அதன் பிறகு திருப்பூரில் பனியன் தைக்கும் நம் பெண், தான் பார்த்தேயிராத வங்கதேசப் பெண்ணோடு விலையில் மோத வைக்கப்படுகிறாள். இங்கே டெல்டாவில் மிஞ்சிய நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

அம்பேத்கர் எந்திரத்துக்கு எதிரி அல்லர். சிறு நிலவுடைமை பற்றிய 1918 கட்டுரையில், வேளாண்மையில் தேங்கிய உபரி உழைப்புக்குத் தொழில்மயமே வழி என்றார். 1945 நூலில் காந்தியத்தின் எந்திர எதிர்ப்பை மறுத்து, கேடு எந்திரத்தில் இல்லை, பலனைச் சிலரே அள்ளிக்கொள்ளும் சமூக அமைப்பில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். நாமும் அங்கேதான் நிற்கிறோம்.

எனவே நாம் கேட்பது, வண்டி யாருடையது என்று. வேளாண் எந்திர மானியத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகள், பெண்களுக்கு 50 விழுக்காடு, மற்றவர்க்கு 40. தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. விண்ணப்பத்தோடு சிட்டா கேட்பார்கள். சிட்டா இருந்திருந்தால் நாம் ஏன் அடுத்தவர் வயலில் அரிவாள் பிடிக்கிறோம்? 1892 ஆணைப்படி ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் கணக்கைக் கேட்பதும், எந்திர வாடகை மையத்தைக் கேட்பதும் ஒரே மனுவில் வர வேண்டியவை. வண்டி ஓட்டத் தெரிந்த இளைஞர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இப்போது அவர்கள் அடுத்தவர் வண்டியில் நாள்கூலிக்கு ஓட்டுகிறார்கள்.