தண்ணீருக்குள் ஒரு சூடு!

சூடு என்றால் வடலூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தருமசாலையின் அணையா அடுப்பு. 1867-ல் வள்ளலார் மூட்டியது. இன்றும் பசித்தவர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து நெய்வேலிக்காரர்களைக் கேட்டால் பழுப்பு நிலக்கரி என்பார்கள். தண்ணீருக்குள்ளும் ஒரு சூடு உண்டு என்பதை வடலூரில் இருக்கும் என் சிநேகிதி சென்ற மாதம்தான் தெரிந்துகொண்டாள்.

அவளுடைய பதினோரு வயதுப் பெண் நெய்வேலிக்குப் போய் நீச்சல் பழகுகிறாள். முதல் போட்டி முடிந்ததும், ஈரத் தலையோடு ஓடி வந்து, "அம்மா! ஹீட்டிலே நாலாவது வந்தேன். ஆனால் பி.பி.!" என்று குதித்தாள்.

சிநேகிதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.பி. அவள் மாமியாருக்கு உண்டு. பதினோரு வயதுக் குழந்தைக்கா?

ரத்தக் கொதிப்பு இல்லை என்று தெரிந்ததும், "நாலாவதுதானாடி?" என்று கேட்டுவிட்டாள். குழந்தையின் முகம் வாடிப் போயிற்று.

நீச்சல் குளத்துப் பாஷையில் நாலு வார்த்தை தெரிந்திருந்தால் அந்த முகம் வாடியிருக்காது. நம் வீட்டுக் குழந்தைகளும் இப்போது குளத்துக்குப் போகிறார்களே, நாமும் தெரிந்துகொள்வோமா?

குளத்தில் எட்டு லேன், அதாவது எட்டுப் பாதை, இருந்தால் ஒரு தடவைக்கு எட்டுப் பேர்தான் நீந்தலாம். நாற்பது பேர் வந்திருந்தால் ஐந்து கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரு 'ஹீட்'. எல்லா ஹீட்டுகளையும் சேர்த்துப் பார்த்து, மிகக் குறைந்த நேரத்தில் நீந்திய எட்டுப் பேரை இறுதிப் போட்டிக்கு எடுப்பார்கள். வேகமான ஹீட்டில் நாலாவதாக வந்தவள் தேறலாம். மெதுவான ஹீட்டில் முதலாவதாக வந்தவள் வீட்டுக்குத் திரும்பலாம்!

'பி.பி.' என்பது அந்தக் குழந்தை இதுவரை நீந்தியதிலேயே சிறந்த நேரம். ஆனால் ஒப்பிடும்போது குளத்தின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 25 மீட்டர் குளத்தில் அடிக்கடி சுவரை உதைத்துத் திரும்புவதால் நேரம் குறையும். அதை 50 மீட்டர் குளத்து நேரத்தோடு சேர்த்துப் பார்ப்பது, படியையும் கிலோவையும் குழப்புவது போல.

நீச்சலில் நாலு வகை: ஃப்ரீ ஸ்டைல், மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக், தவளை போல் உதைக்கும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், இரு கைகளையும் சிறகாய் வீசும் பட்டர்ஃபிளை. நாலையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்தினால் 'மெட்லி'.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒற்றைக் கையால் தொட்டால் 'டி.க்யூ.', அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. குழந்தை அழுதுகொண்டு வந்தால் அதட்டாதீர்கள். பெரிய வீரர்களுக்கும் நேர்கிற பிழைதான்.

போட்டிக்குச் சில நாட்கள் முன்பு பயிற்சியைக் குறைப்பார்கள். இது 'டேப்பர்'. "பணம் கட்டியும் வாத்தியார் சும்மா விட்டுவிட்டாரே!" என்று சண்டைக்குப் போக வேண்டாம், உடம்பு தெளிய விடுகிறார்.

கடைசியாக 'கட்'. கல்லூரி நாட்களில் நாம் அடித்த கட் அல்ல! பெரிய போட்டிக்குள் நுழைய எட்ட வேண்டிய நேரம். இதன் அருமையை அறிய நெய்வேலிப் பிள்ளை ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

சஜன் பிரகாஷ் கேரளத்தில் இடுக்கியில் பிறந்தவர். தாயார் சாந்திமோள் ஓட்டப்பந்தய வீராங்கனை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை. பிள்ளை நெய்வேலியில் வளர்ந்து, அங்கேயே நீந்தக் கற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளைக்கு 'ஏ கட்' 1 நிமிடம் 56.48 வினாடி. அதுவரை எந்த நீச்சலிலும் ஓர் இந்தியர்கூட ஒலிம்பிக் ஏ கட்டைத் தொட்டதில்லை. இடையில் சஜனுக்குக் கழுத்தில் காயம் வேறு.

2021 ஜூன் மாதம் பெல்கிரேடில் முதலிடம் பெற்றார். நேரமோ 1 நிமிடம் 56.96. தங்கப் பதக்கம் உண்டு. டோக்கியோ டிக்கெட் இல்லை! அடுத்த வாரம் ரோமாபுரியில் மீண்டும் குதித்தார். 1 நிமிடம் 56.38. வினாடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். ஒலிம்பிக் வாசல் திறந்தது.

இந்தக் கதையைச் சிநேகிதிக்குச் சொன்னேன். அன்று சாயங்காலமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். தேதி, குளத்தின் நீளம், நீச்சல் வகை, தூரம், நேரம் என்று கோடு போட்டாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "போன தடவையைவிட எவ்வளவு குறைந்ததம்மா?" என்று கேட்டாள்.

"ஒன்றரை வினாடி!" என்றாள் குழந்தை, பழைய குதியோடு.

இரவு பாயசமும் அப்பளமும். மாமியாருக்கு மட்டும் அப்பளம் கிடையாது. அவருடைய பி.பி. வேறு ரகமாயிற்றே!