பூண்டை அமுக்கிப் பார்ப்பது எப்படி?

வில்பட்டிப் பக்கம் விளையும் மலைப்பூண்டைக் கையில் எடுத்ததும் விரல் தானாக அமுக்கிப் பார்க்கும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்காச்சே! லேசாக அமுக்கினால் பல் கெட்டியா, சொத்தையா என்று அரைகுறையாகத் தெரியும். அடுத்தவருக்கும் அது முழுப் பூண்டுதான். நகத்தை இறக்கினால் உள்ளே இருப்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். அப்புறம் அதை யார் வாங்குவார்?

குவாண்டம் ஆய்வுக்கூடத்தின் திரைமறைவு ரகசியமும் இதுதான். வாங்க, சத்தம் போடாமல் எட்டிப் பார்ப்போம்.

மேசையில் ஒரு படிகம். லேசர் பட்டதும் ஃபோட்டான்கள் பின்னிப் பிணைந்த ஜோடியாகப் பிறக்கின்றன. ஒன்று ஆலிஸிடம், மற்றது பாபிடம். (பழனிமலைக்காரனுக்கு வள்ளி, முருகன் என்றுதான் வாயில் வருகிறது. இயற்பியலில் விட மாட்டார்கள்.) இருவரின் விடைகளையும் சேர்த்துப் போடும் கணக்கு ஒன்று உண்டு. சாதாரணப் பொருள்களில் அது 2-ஐத் தாண்டாது, இங்கே 2.83 வரை எகிறும்! ஆனால் பாப் நகத்தை இறக்கி அளந்தால் பின்னல் அறுந்துபோகும். அதே ஃபோட்டானை வாங்கும் அடுத்த பாபுக்கு வெறும் சக்கை.

2015-இல் சில்வா, ஜிசான், குர்யனோவா, பொப்பெஸ்கு என்ற இயற்பியலாளர்கள் நால்வரும் முதல் பாபை லேசாக அமுக்கச் சொன்னார்கள். துல்லியம் 0.8 என்றால், குலையாமல் தப்புவது 0.6. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டுங்கள்: சரியாக 1. அட, பள்ளிக்கூடத்து 3-4-5 முக்கோணம்! இரண்டு பாபுக்கும் ஆளுக்கு 2.26 கிடைத்தது. 2017-இல் இத்தாலியின் பதோவாவில் ஃபோட்டான்களை வைத்தே இரண்டு பாபும் 2-ஐத் தாண்டிக் காட்டினார்கள்.

மூன்றாவது பாப்? ‘இடமில்லை’ என்று 2016-இல் கதவைச் சாத்தியவர்கள் நம் நாட்டவர்கள்: ஷிலாதித்ய மால், அர்ச்சன் மஜூம்தார், திபங்கர் ஹோம். நானும் பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் இருவரும் 2-ஐத் தொட்டுக்கொண்டு நின்றாலே மூன்றாமவருக்கு 1.88தான் மிஞ்சுகிறது.

சாத்திய கதவில் ஒரு சந்து இருந்தது. ஒவ்வொரு பாபும் இரண்டு விதமாக அளப்பார்; இரண்டையும் ஒரே அழுத்தத்தில் அளப்பார் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. 2020-இல் பீட்டர் பிரவுனும் ரோஜர் கோல்பெக்கும் ஒன்றை அழுத்தியும் மற்றதை லேசாகவும் அளக்க விட்டார்கள். வரிசையில் எத்தனை பாப் நின்றாலும் எல்லாரும் 2-ஐத் தாண்டலாம்! நீண்ட வரிசை என்றால் முன்னால் நிற்பவர்கள் தாண்டுவது மயிரிழைதான்.

வில்பட்டிக்குப் போனால் பூண்டை மெதுவாக அமுக்குங்கள். பின்னால் ஆள் நிற்கிறார்.