பூஜையறை ஸ்ரீசக்ரம்... முக்கோணங்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கோலியனூர். ஆடி பிறந்துவிட்டால் இங்குள்ள புத்துவாயம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். இப்படி எந்த அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனாலும், வளையல் கடைக்கும் பொரிக் கடைக்கும் நடுவே செப்புத் தகடுகளைப் பரப்பிவைத்திருக்கும் கடை ஒன்று கண்ணில் படும். குபேர யந்திரம், சுதர்சன சக்கரம், நடுநாயகமாக ஸ்ரீசக்ரம்.

ஆசையாக வாங்கிவந்து பூஜையறையில் வைத்துவிடுகிறோம். பயம் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 'முறையா பூஜை பண்ணலைன்னா குடும்பத்துக்கு ஆகாதாமே?' என்று யாராவது ஒருவர் கொளுத்திப்போட, தகடு பரணுக்குப் போய்விடுகிறது.

பயப்படுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தகட்டில் இருப்பது ஸ்ரீசக்ரம்தானா?

நடுவில் இருக்கும் புள்ளி, பிந்து. அதைச் சுற்றி ஒன்பது பெரிய முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. கீழ்நோக்கிய ஐந்தும் சக்தி, மேல்நோக்கிய நான்கும் சிவம் என்பார்கள். இவை வெட்டிக்கொள்வதில் பிறக்கும் சின்ன முக்கோணங்கள் மொத்தம் 43. நடுவில் 1, அதைச் சுற்றி 8, அடுத்து 10, மறுபடியும் 10, கடைசி வரிசையில் 14. அதற்கு வெளியே எட்டு இதழ்த் தாமரை, பதினாறு இதழ்த் தாமரை, நான்கு வாசல் வைத்த சதுரம். பிந்துவோடு சேர்த்து ஒன்பது சுற்றுகள். அதனால்தான் நவாவரண பூஜை என்று பெயர். திருவாரூர் கமலாம்பாள் மீது முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய நவாவரண கிருதிகளும் இந்த ஒன்பது சுற்றுகளைத் தொட்டவைதான்.

சொல்ல எளிது, வரையத்தான் கஷ்டம். இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம் சந்தி, மூன்று சந்தித்தால் மர்மம். மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். ஒன்றைச் சரிசெய்ய நகர்த்தினால் இன்னொரு மூலையில் பிசகும். பழந்துணியை இழுத்துத் தைப்பதுபோல. மாஸ்கோ ஆய்வாளர் குலைச்செவ் இந்தக் கணக்கை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1984-ல் இந்திய அறிவியல் வரலாற்று ஆய்விதழில் வெளியானது. அவசரமாக வரைந்து அச்சடித்த தகடுகளில், மூன்று கோடுகள் சேர வேண்டிய இடத்தில் வேண்டாத குட்டி முக்கோணம் ஒன்று முளைத்திருக்கும். கணக்கு அங்கேயே தப்பிவிடும்.

கோயில்களில் இது எவ்வளவு கவனமாகப் பேணப்படுகிறது என்பதற்கு மாங்காடு நல்ல உதாரணம். காமாட்சி அம்மன் சன்னதியில் இருப்பது அர்த்தமேரு. ஆதிசங்கரர் பிரதிஷ்டை செய்தது என்பது நம்பிக்கை. எட்டு வகை மூலிகைகளால் ஆனது என்பதால் இதற்கு அபிஷேகமே கிடையாது, குங்கும அர்ச்சனை மட்டும்தான். காஞ்சியில் காமாட்சியின் எதிரிலேயே ஸ்ரீசக்ரம் இருக்கிறது. திருவானைக்காவில் அகிலாண்டேஸ்வரியின் தாடங்கத்தில்! சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதி முன்பு சக்கரக் குழியே உண்டு. மனநலம் பாதித்தவர்களை அதில் அமரவைத்து வேண்டிக்கொள்கிறார்கள். (மருத்துவரிடம் காட்டுவதோடு சேர்த்துத்தான் இதையும் செய்ய வேண்டும்.) சக்கரங்கள் தமிழுக்கும் புதிதல்ல. திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம் தொடங்கி நவாக்கரி சக்கரம் வரை வருகின்றன.

சரி, வீட்டில் வைக்கலாமா? முழு நவாவரண பூஜைக்குக் குருவிடம் தீட்சை பெறுவது மரபு. அது இல்லாத வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, லலிதா சகஸ்ரநாமம் சொல்லி, குங்குமத்தால் அர்ச்சிப்பது வழக்கம். அதற்கு நேரமில்லாத வாரத்தில் தகடு யாரையும் தண்டிக்கப் போவதில்லை. பயமுறுத்தியவரே 'பரிகாரம் செய்துதருகிறேன்' என்று பணம் கேட்டால், அப்போதுதான் உஷாராக வேண்டும்.

அடுத்த முறை திருவிழாக் கடையில் தகட்டைக் கையில் எடுத்தால், விலை கேட்பதற்கு முன்னால் நடுவிலிருந்து விரல் வைத்து எண்ணுங்கள். ஒன்று, எட்டு, பத்து, பத்து, பதினான்கு. கணக்கு உதைத்தால் அங்கேயே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பொரி வாங்கிக்கொண்டு நகருங்கள்.